வேலை செய்த ஊசி

தினமும் இரண்டு வேளை தன் வயிற்றில் தானே இன்சுலின் குத்திக்கொள்ளும் மனிதர், வேண்டும்போது மட்டும் போட்டால் போதும் என்று கொடுத்த இன்னோர் ஊசியை மூன்றாம் மாதத்திலேயே கைவிட்டுவிடுகிறார். இந்த இரண்டாவது ஊசி விறைப்புக் குறைபாட்டுக்கானது. ஆண்குறியின் பக்கவாட்டில் தானே போட்டுக்கொள்ள வேண்டும். ஊசியின் பருமனும் சிரிஞ்சும் ஏறத்தாழ இன்சுலினுக்கு உள்ளவைதான். பலனோ கால் மணி நேரத்துக்குள் கண்ணுக்குத் தெரிகிறது. இன்சுலின் போட்டவருக்கு அப்படி எதுவும் தெரிவதில்லை, ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எண் இறங்கியிருப்பதைப் பார்த்து நம்ப வேண்டியதுதான். ஆனாலும் இன்சுலின் தொடர்கிறது, மற்றது நின்றுவிடுகிறது.

'ஊசின்னா பயம் சார்' என்று ஒற்றை வரியில் இதை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. ஊசிக்குப் பயந்தவர் வயிற்றில் மட்டும் எப்படிப் போட்டுக்கொள்கிறார்? காரணத்தை ஊசி முனையில் தேடினால் கிடைக்காது. அந்த ஊசி நுழைகிற வீட்டில் தேட வேண்டும்.

மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில், நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் சமணர் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கீழக்குயில்குடி. தாமரைக் குளமும் ஆலமரங்களும் அய்யனார் கோயிலும் பார்க்க நகரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். மலை ஏறினால் செட்டிப்புடவும் பேச்சிப்பள்ளமும், ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தீர்த்தங்கரர் சிற்பங்களும். உடம்பின் ஆசைகளையே துறந்தவர்கள் தங்கியிருந்த மலைக்குக் கீழே இப்படியொரு கதையை நடத்துவது கொஞ்சம் குறும்புதான். ஆனால் சர்க்கரை நோய் துறவிக்கும் வரும், இல்லறத்தானுக்கும் வரும்.

அந்த ஊரில் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம், இப்படி ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். வயது 54. லோடு வண்டி ஓட்டியவர். பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சுகர், மாத்திரையும் இன்சுலினும். மகன், மருமகள், பேரப்பிள்ளையோடு ஒரு ஹாலும் இரண்டு அறைகளுமான வீடு. தமிழ்நாட்டில் இவர் அபூர்வமானவர் அல்ல. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் (INDIAB) ஆய்வு நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். சர்க்கரை வந்த ஆண்களுக்கு விறைப்புக் குறைபாடு மற்றவர்களைவிடப் பத்துப் பதினைந்து ஆண்டு முன்னதாகவே வருகிறது. 1994இல் வெளியான மாசசூசெட்ஸ் ஆய்வில், விறைப்பே இல்லாத நிலை சர்க்கரைக்காரர்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது.

அவருடைய சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தன்னார்வலராக இருக்கும் பெண் கொண்டுவந்து கொடுக்கிறார். அவர் அதே ஊர்க்காரர், இவருக்கு மருமகள் முறை. "மாத்திரை ஒழுங்காப் போடுறீகளா மாமா? கால்ல புண்ணு கிண்ணு எதுவும் இருக்கா?" என்று கேட்பார். கண் பரிசோதனை பார்த்தாயிற்றா என்றும் கேட்பார். சர்க்கரை எந்தெந்த உறுப்பைத் தொடும் என்ற பட்டியலில் கண், கால், சிறுநீரகம் எல்லாம் இருக்கின்றன. இன்னொன்றை அந்தப் பெண்ணால் கேட்க முடியாது, மாமனாலும் சொல்ல முடியாது. திட்டத்தைக் குறை சொல்லவில்லை. வாசல்வரை வரும் மருத்துவத்துக்கும் ஒரு வாசல் மூடியிருக்கிறது என்கிறேன், அவ்வளவுதான்.

ஆகவே அவர் முதலில் போவது பேருந்து நிலையச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் காட்டும் இடத்துக்கு. குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட லாட்ஜில் தங்கி 'நரம்புத் தளர்ச்சி' தீர்க்கும் வைத்தியர்கள் தமிழ்நாட்டில் ஒரு தனி மரபு. பாலியல் திறனைக் கூட்டுவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்கும் வயதாகிவிட்டது, நோட்டீசுக்கு மட்டும் வயதாகவில்லை. அந்த லாட்ஜ் அறையில் பணத்தோடு இன்னொன்றும் போகிறது. 'இளவயதில் செய்த தப்பால் வந்தது' என்று காதில் விழும் வார்த்தை, பிறகு எந்த நல்ல மருத்துவரிடம் போனாலும் கூடவே வருகிறது. விந்து போனால் பலம் போகும் என்ற அச்சத்தை மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் 'தாத்' நோய்க்குறி என்று பெயரிட்டு மருத்துவ நூல்களில் ஏற்றினார். லாட்ஜ் வைத்தியர் அந்த அச்சத்தைப் பெயரில்லாமலேயே விற்கிறார்.

உண்மையில் அவர் உடம்பில் நடப்பது வேறு. ஆண்குறியின் உள்ளே நீளவாக்கில் இரண்டு உருளைகள், ஒவ்வொன்றிலும் மென்தசைச் சுவர் கொண்ட ஆயிரக்கணக்கான சிறு அறைகள். சாதாரண நேரத்தில் அந்தத் தசை இறுகியே இருக்கும், ரத்தம் அதிகம் நுழையாது. ஆசை எழும்போது நரம்பு முனைகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு சுரந்து தசை தளர, ரத்தம் பாய்கிறது. உருளைகள் வீங்கி, சைக்கிள் ட்யூப் டயரில் முட்டுவதுபோல் வெளியுறையில் முட்டி, வெளியேறும் சிரைகளை நசுக்கி மூடிவிடுகின்றன. வந்த ரத்தம் உள்ளேயே நிற்பதுதான் விறைப்பு. விறைப்பு வேண்டுமானால் தசை தளர வேண்டும். 'முறுக்கு ஏற்றுகிறேன்' என்பவர்களின் கணக்கு இங்கே தலைகீழ்.

1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வயாக்ரா, நைட்ரிக் ஆக்சைடு கிளப்பிவிட்ட செய்தி சீக்கிரம் அழிந்துபோகாமல் காக்கிறது. 2001 முதல் இந்திய நிறுவனங்களே அந்த மருந்தைச் செய்து விற்கின்றன, நாகமலைப் புதுக்கோட்டை மருந்துக்கடையிலும் கிடைக்கும். ஆனால் செய்தியே கிளம்பாவிட்டால் எதைக் காப்பது? பத்து வருடச் சர்க்கரையில் நரம்பு முனைகள் கெட்டுப்போனவருக்கும், புராஸ்டேட் அறுவையில் நரம்பை இழந்தவருக்கும் மாத்திரை பல நேரம் கைவிடுகிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் சார்பிட்ரேட் வைத்துக்கொள்பவர் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். இவர்களுக்காகத்தான் ஊசி. அது நரம்பிடம் அனுமதி கேட்பதில்லை, நேரே தசைக்குப் போய்த் தளர்த்துகிறது.

இதைக் கண்டுபிடித்த கதை, மருத்துவ வரலாற்றில் சிரித்துக்கொண்டே படிக்கக்கூடிய சில பக்கங்களில் ஒன்று. பாரிஸ் ரத்தநாள அறுவை மருத்துவர் ரோனால்ட் விராக், ஓர் அறுவையின்போது ஆண்குறிக்குப் போகும் நாளத்தில் பாப்பவரின் மருந்து போய்விட, நோயாளிக்கு விறைப்பு வந்ததைக் கவனித்தார். 1982இல் 'லான்செட்' இதழில் சிறு குறிப்பாக எழுதினார். பாப்பவரின் கசகசாச் செடியிலிருந்து 1848இல் ஜெர்மனியில் பிரித்தெடுத்த பழைய மருந்து, போதை தராது. மறு ஆண்டு லாஸ் வேகாசில் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் மாநாடு. மேடை ஏறியவர் பிரிட்டனின் ஜைல்ஸ் பிரிண்ட்லி. கண்பார்வை இழந்தவரின் மூளையில் மின்முனைகள் பதித்து ஒளிப்புள்ளிகள் தெரியவைத்தவர், சொந்தமாக ஓர் இசைக்கருவியையும் உருவாக்கியவர். ஐம்பது வயதைத் தாண்டிய அந்தப் பேராசிரியர் விளையாட்டு உடையில் வந்தார். படங்களைக் காட்டி முடித்தபின், விடுதி அறையிலேயே தனக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்திருப்பதாகச் சொல்லி, கால்சட்டையை இறக்கி, பலனை அரங்கிலிருந்தவர்கள் நேரில் சரிபார்க்கட்டும் என்று படியிறங்கினார். அங்கிருந்த கனடா மருத்துவர் லாரன்ஸ் க்ளாட்ஸ் 2005இல் இதை எழுதிவைத்தார். முன்வரிசையில் மருத்துவர்களின் மனைவியர் சிலர் உட்கார்ந்திருந்தார்களாம். கையை உயர்த்திக் கூச்சலிட்டார்களாம்.

அந்தக் கூச்சலை வேடிக்கையாகவே எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்கள். எனக்கு அது கவனிக்க வேண்டிய முதல் தகவலாகப் படுகிறது. இந்தச் சிகிச்சை மேடையேறிய அன்றே மனைவிகள் ஒரு கருத்துச் சொன்னார்கள், யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

1995இல் ஆல்ப்ரோஸ்டாடில் என்ற புரோஸ்டாகிளாண்டின் ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி வந்தது. அடுத்த ஆண்டு வெளியான பெரிய ஆய்வில் 683 ஆண்கள் ஆறு மாதம் வீட்டிலேயே போட்டுக்கொண்டார்கள். நூற்றுக்கு 87 ஊசிகள் திருப்தியான உறவில் முடிந்தன. பாதிப் பேர் எப்போதாவது வலித்தது என்றார்கள், ஆனால் வலித்த ஊசிகள் நூற்றுக்கு 11தான். ஒரு மருந்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் பல நாடுகளிலும் இந்த ஊசியைத் தொடங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கும் மேல் வரை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துகிறவர்களில் பெரும்பாலோர் முதல் சில மாதங்களிலேயே நிறுத்துகிறார்கள். அந்த முதல் மாதங்களில்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மருத்துவமனையில் சொல்லிக்கொடுப்பது இப்படி: உறுப்பை முன்பக்கமாக இழுத்துப் பிடி. மேலே நடுவில் குத்தாதே, அங்கே நரம்பும் தமனியும் போகின்றன. அடியில் குத்தாதே, அங்கே சிறுநீர்க்குழாய். பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரியும் சிரையைத் தவிர்த்துச் செங்குத்தாகக் குத்து. மருந்தைச் செலுத்தி ஊசியை எடுத்தபின் சில நிமிடம் அழுத்திப் பிடி. அடுத்த முறை மறுபக்கம். ஒரே நாளில் இரண்டாவது ஊசி கூடவே கூடாது. இதில் எதுவும் இன்சுலின் போடத் தெரிந்தவருக்குக் கஷ்டமில்லை.

கஷ்டம் டோஸில் வருகிறது. சரியான அளவை மருத்துவர் தன் அறையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த அறையில் நம் 54 வயதுக்காரர் எப்படிப் படுத்திருப்பார்? வெளியே ஓ.பி. கூட்டம், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்ற கவலை, நர்ஸ் எட்டிப்பார்த்துவிடுவாரோ என்ற கூச்சம். கூச்சமும் பயமும் நார்-அட்ரினலினைச் சுரக்கவைக்கும், அது தளர வேண்டிய தசையை இறுக்கும். மருந்து ஒரு பக்கம் இழுக்க, பயம் மறுபக்கம் இழுக்கிறது. அறையில் பலன் குறைவாகத் தெரிந்தால் இரண்டு விபரீதங்களில் ஒன்று நடக்கும். 'எனக்கு இதுவும் வேலை செய்யல' என்று அவர் அங்கேயே மனம் விட்டுவிடுவார். அல்லது மருத்துவர் டோஸைக் கூட்டிவிட, பயமில்லாத வீட்டில் அதே டோஸ் அளவுக்கு மீறி வேலை செய்யும்.

இரண்டாவது நடந்தால் என்ன ஆகும்? விறைப்பு நான்கு மணி நேரம் இறங்காவிட்டால் அவசரம். உள்ளே அடைபட்ட ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்து தசையே கெட்டுவிடும். ஊசியால் ரத்தத்தை எடுத்து, தசையை இறுக்கும் மருந்து செலுத்த வேண்டும். அந்த 1996 ஆய்வில் ஆறு மணி நேரம் தாண்டியும் இறங்காமல் போனவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். விலை குறைந்த பாப்பவரினில் இந்த ஆபத்து ஆல்ப்ரோஸ்டாடிலைவிட அதிகம். நூற்றுக்கு ஒன்று என்பது கணக்கு. கீழக்குயில்குடியில் இரவு ஒரு மணிக்கு அந்த ஒருவராக இருப்பது வேறு விஷயம். பேருந்து இல்லை. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போக மகனை எழுப்ப வேண்டும். மகன் பைக்கை எடுத்துக்கொண்டு, "என்னப்பா பண்ணுது?" என்பான். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மணி பார்க்கிறார். மூன்றரை மணி நேரத்தில் தானாகவே இறங்கிவிடுகிறது. உயிர் வந்தாற்போல் இருக்கிறது. அடுத்த வாரம் சிரிஞ்சைத் தொடுவாரா? மருத்துவமனைப் பதிவேட்டில் இது பக்கவிளைவாகக்கூட ஏறாது. 'வரவில்லை' என்று மட்டும் இருக்கும்.

பயமுறுத்தாத காரணங்கள் இன்னும் சாதாரணமானவை. புரோஸ்டாகிளாண்டின் கலந்த மருந்துகள் பல குளிரில் இருந்தால்தான் வீரியம் குறையாது. ஃபிரிட்ஜ் ஹாலில் இருக்கிறது. இன்சுலின் புட்டி முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் ஊரறிய உட்கார்ந்திருக்கும், மருமகளே எடுத்துக் கொடுப்பாள். இந்தப் புட்டியை எங்கே வைப்பது? 'அது என்ன மருந்து தாத்தா?' என்று பேரன் கேட்டால்? அதனால் அதை வைக்கக் கூடாத இடத்தில் வைக்கிறார். மதுரை வெயிலில் இரண்டு வாரத்தில் மருந்து சத்தில்லாமல் போகிறது. ஊசி வேலை செய்யவில்லை என்று அவர் முடிவுகட்டுகிறார்.

நேரம் இன்னொன்று. சின்ன வீடுகளில் தாம்பத்தியம் திட்டம் போட்டு நடப்பதில்லை. டி.வி. அணைந்து, பிள்ளை தூங்கி, மற்ற அறையின் பேச்சு ஓய்ந்து, இருவரும் விழித்திருந்தால் உண்டு. ஊசியோ முன்கூட்டியே தீர்மானம் கேட்கிறது. எழுந்து, விளக்குப் போட்டு, மருந்து எடுத்து, குத்தி, அழுத்திப் பிடித்து, பத்து நிமிடம் காத்திருந்து... அதற்குள் வந்த மனநிலை போய்விடுகிறது. ஊசி விறைப்பைத் தரும், ஆசையைத் தராது. இதை முன்னாலேயே எடுத்துச் சொல்லாத மருத்துவர்கள் உண்டு. இருபத்தைந்து வயது திரும்பும் என்று எண்ணி வந்தவருக்கு, ஆசை இல்லாமலே உறுப்பு மட்டும் எழுந்து நிற்பதும், எல்லாம் முடிந்தபிறகும் இறங்காமல் நிற்பதும் தன் உடம்பு தன்னுடையதில்லை என்ற உணர்வைத் தருகிறது. 'பலன் இருந்தது, ஆனால் அது நான் இல்லை' என்கிற மாதிரியான பேச்சை நிறுத்தியவர்களிடம் கேட்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் கட்டிலின் மறுபக்கத்தில் இருக்கிறது. நிறுத்தியதற்கான காரணங்களை ஆராய்ந்த ஆய்வுகளில் துணையின் விருப்பமின்மை திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் துணையிடம் நேரடியாகக் கேட்டவை குறைவு. விறைப்புக் குறைபாட்டை அளக்க உலகமே பயன்படுத்தும் 1997இன் கேள்விப் படிவத்தில் 15 கேள்விகள், பதினைந்தும் ஆணிடம். நம் 54 வயதுக்காரரின் மனைவிக்கு ஐம்பது இருக்கும். மாதவிலக்கு நின்றுவிட்டது, உறவில் வறட்சியும் வலியும் இருக்கலாம், மூட்டுவலி நிச்சயம் இருக்கும். இரண்டு மூன்று வருடமாக எதுவும் இல்லாத வாழ்க்கைக்குப் பழகிக்கொண்டவர். கணவர் ஊசி வாங்கி வந்ததே ஒரு நாள் இரவுதான் அவருக்குத் தெரிகிறது. 'பேரன் எடுத்த வயசுல இது என்னத்துக்கு?' என்கிறார். அடுத்த கேள்வி வாய்க்கு வராது, மனசில் ஓடும்: எனக்குத் தெரியாமல் மதுரைக்குப் போய் இதை ஏன் வாங்கினார், யாருக்காக? அதையும் தாண்டி, இந்த மருந்து தன் உடம்பில் எதுவும் செய்யுமோ என்ற பயம். இவருடைய சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல எந்த மருத்துவரும் இவரைப் பார்த்ததே இல்லை. கணவரின் கண்ணைப் பரிசோதிக்கும்போது உடன் வந்தார், காலில் புண் வந்தபோது கட்டுக்கட்ட வந்தார். இதற்கு மட்டும் கூப்பிடவில்லை.

விஜய் டி.வி.யில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் டாக்டர் ஷர்மிளாவை எதிரில் உட்காரவைத்து இப்படிப்பட்ட கேள்விகளுக்குச் சாவகாசமாகப் பதில் சொன்னபோது, பல வீடுகளில் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தார்கள். தமிழில் இதைக் கண்ணியமாகப் பேச முடியும் என்று அவர் காட்டினார். மருத்துவரின் அறைக்குள் அந்த மொழி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. வந்த இடங்களில் வித்தியாசம் தெரிகிறது. மனைவியையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது, அவர் விரும்பினால் ஊசியை அவரே போடப் பழக்குவது, முதல் வாரமே ஒரு போன் செய்து 'எவ்வளவு நேரம் நின்றது' என்று கேட்டு டோஸைக் குறைப்பது. மூன்றுக்கும் செலவு கிட்டத்தட்ட எதுவுமில்லை. மருந்துக் கம்பெனிக்கு இதில் லாபமில்லை என்பதாலோ என்னவோ, விளம்பரமும் இல்லை.

நிறுத்தியவர்கள் எல்லோரையும் தோல்விக் கணக்கில் எழுதக் கூடாது. சிலருக்கு ஊசி போட்டுவந்த சில மாதங்களில் தானாகவே விறைப்பு திரும்புகிறது. குறிப்பாகப் பயமே பாதிக் காரணமாக இருந்தவர்களுக்கு, இரண்டு மூன்று முறை நம்பிக்கை வந்தால் போதும். சிலர் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து மாத்திரைக்கு மாறுகிறார்கள். சிலர் உள்ளே பொருத்தும் செயற்கைக் கருவிக்குப் போகிறார்கள். இன்னும் சில தம்பதிகள் உட்கார்ந்து பேசி, 'இது நமக்கு வேண்டாம், இப்படியே நன்றாகத்தான் இருக்கிறோம்' என்று முடிவெடுக்கிறார்கள். இருவரும் சேர்ந்து எடுத்த முடிவென்றால் அதைத் திருத்த மருத்துவத்துக்கு என்ன உரிமை? பதிவேட்டில் இவர்களும் பைக்கில் போகப் பயந்தவரும் ஒரே வரியில் இருக்கிறார்கள். ஆய்வுகளின் விழுக்காடுகளை நான் கொஞ்சம் தள்ளிவைத்தே படிப்பது இதனால்தான்.

ஆனால் நிறுத்துவதோடு மருத்துவர் பக்கமே திரும்பாமல் இருப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஆண்குறிக்குப் போகும் தமனிகளின் உள்விட்டம் ஒன்று இரண்டு மில்லிமீட்டர், இதயத்தின் தமனிகளுக்கு மூன்று நான்கு. சர்க்கரையும் புகையும் கொழுப்பும் எல்லா நாளத்தின் உட்சுவரையும் ஒன்றாகத்தான் கெடுக்கின்றன. சின்னக் குழாய் முதலில் அடைபடுகிறது. அதனால் விறைப்புக் குறைபாடு பலருக்கு மாரடைப்புக்கு இரண்டு மூன்று ஆண்டு முன்னாலேயே வந்து நிற்கிறது. நம் லோடு வண்டிக்காரர் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, நெஞ்சுவலி எதுவும் வராமலேயே ஒரு மருத்துவர் முன் போய் உட்கார்ந்தது இந்தப் பிரச்சினைக்காகத்தான். ஊசியை நிறுத்தியதும் வெட்கம் இரண்டு மடங்காகி அந்த வரவும் நின்றுபோகிறது. ஊசி வேண்டாம் என்று சொல்வதற்காகவாவது அவர் ஒரு முறை வரட்டும். அன்றைக்கே ஓர் ஈ.சி.ஜி. எடுத்து, பிரஷரையும் கொழுப்பையும் பார்த்துவிடலாம்.